இறுக்கினால் மட்டும் போதுமா?

எங்கள் ஆட்டோமொபைல் பிரிவு நண்பன் ஒருவன், தன் பழைய ஸ்ப்ளெண்டருக்கு வெளியில் வாங்கிய சைலன்சரை மாட்டினான். ஒரு வாரம்தான், இன்ஜின் ஹெட்டில் பெண்ட் பைப்பைப் பிடிக்கும் நட்டு இரண்டும் லூஸாகி, ஒரே 'பட பட' சத்தம். "நல்லா இறுக்குடா, சரியாயிடும்" என்றார்கள். இறுக்கினான். மறுபடி லூஸ். நாலாவது தடவை ஸ்டட் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்கக் கொடுத்தது அந்த மாத மெஸ் பணம்!

நண்பர்களே, நட்டைப் பிடித்து வைப்பது நம் கை பலமல்ல. இறுக்கும்போது ஸ்டட் ஸ்பிரிங் மாதிரி இம்மியளவு நீள்கிறதே, அந்த இழுவிசைதான். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும்போது கேஸ்கட் அமுங்கும், இழுவிசை குறையும். மிச்சத்தை அதிர்வு பார்த்துக்கொள்ளும்.

சைலன்சரைக் கழற்றிப் பார்த்தோம். பின் பிராக்கெட் துளை சேஸிஸோடு பொருந்தவில்லை; பைப்பை வலுக்கட்டாயமாக இழுத்து மாட்டியிருக்கிறது. துளையை உருண்டை அரத்தால் ராவி நீட்டினோம். புது கேஸ்கட் போட்டோம். பின்பக்கத்தை லூஸாக விட்டு, முன் நட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம், பிராக்கெட்டைக் கடைசியில். நைலான் லாக் நட்டு அந்தச் சூட்டில் இளகிவிடும் என்பதால் முழு உலோக லாக் நட்டு. கொஞ்ச தூரம் ஓட்டி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்தோம். கால் சுற்று ஏறியது!

ஆறு மாதமாகச் சத்தமே இல்லை. ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோமே, அது அந்த இரண்டு நட்டுக்குள்ளேதான் இருக்கிறது. லூஸானால் ஸ்பேனரை எடுக்கும் முன், ஏன் லூஸாச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. மெஸ் பணம் மிஞ்சும்!