சொத்துக் கேஸில் டாக்டர் எழுதுற ஒரு வரி

 

ஒரு வசதியான வீடு. பெரியவர் காலமாகிட்டார். ஒரு உயில் இருக்கு. அது செல்லும்னு ஒரு தரப்பு, செல்லவே செல்லாதுன்னு இன்னொரு தரப்பு. இந்த மாதிரி தகராறுல எதையெல்லாம் தோண்டுவாங்கன்னு நினைக்கிறீங்க?

பத்திரம், பேங்க் பாஸ்புக் எல்லாம் சரி. கூடவே ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டையும் தோண்டுவாங்க. பெரியவர் எத்தனை மணிக்கு இறந்தார், கையெழுத்து போட்ட அன்னைக்கு நினைவு தெளிவா இருந்தாரா, என்ன மாத்திரை சாப்பிட்டார், கூட யார் இருந்தாங்க. நாங்க ஓபி அவசரத்துல கிறுக்கிட்டுப் போற ஒரு வரிக்கு, பத்து வருஷம் கழிச்சு கோடி ரூபாய் மதிப்பு வரலாம்.

இதை நான் ஜவ்வாது மலையிலதான் நேர்ல பார்த்தேன். அங்க ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல சில காலம் வேலை பார்த்தேன். (யார்னு அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

மழைக்காலம். ஓபி முடியற நேரம். இஸ்திரி கலையாத சட்டையில ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். காவலூர் தொலைநோக்கியைப் பார்க்க வந்தேன், அப்படியே தலைவலிக்கு மாத்திரை வாங்கிட்டுப் போகலாம்னு, என்றார். வானம் முழுக்க மேகம் மூடியிருக்கற நாள்ல நட்சத்திரம் பார்க்க வந்த ஆளை அன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறேன்.

ரெண்டு நிமிஷத்துல விஷயத்துக்கு வந்துட்டார். தனியார் துப்பறியும் நிறுவனத்துல வேலை. கீழே ஒரு ஊர்ல ரைஸ் மில் முதலாளி இறந்துபோயிருக்கார். கடைசி ஆறு வருஷம் அவரைப் பார்த்துக்கிட்டது எங்க மலைக்காரப் பெண் ஒருத்தர். மலம் எடுத்து, புண்ணு கழுவி, சோறு ஊட்டி எல்லாம் அவங்கதான். அவங்க பேருக்கு ஒரு சின்ன வீட்டை உயில்ல எழுதி வச்சிருக்கார். மகன்கள் தரப்பு இவரை அனுப்பியிருக்கு.

"அந்தப் பொண்ணு உங்க ஆஸ்பத்திரியிலதான் பிரசவம் ஆகியிருக்கு சார். பிரசவப் பதிவேட்டுல புருஷன் பேருன்னு என்ன எழுதியிருக்குன்னு மட்டும் தெரியணும். போட்டோகூட வேண்டாம், நீங்க வாசிச்சா போதும்."

முடியாதுன்னு சொன்னேன். கோவப்படல. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிச்சுக்கிட்டே தன் தொழிலைப் பத்தி பேசினார். பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கற வேலைதானாம். சொத்து கேஸ் எப்பவாவதுதான் வரும், ஆனா நல்ல காசாம். பால்காரர், வேலைக்கார அம்மா, மருந்துக்கடை எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் மலை ஏறியிருக்கார். "மனுஷன் மாத்திப் பேசுவான் சார், மெடிக்கல் ஷாப் பில் மாத்திப் பேசாது" என்றார். மனுஷன் கெட்டிக்காரர், சந்தேகமில்லை.

பதிவேட்டுல என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க. அவருக்குச் சொல்லாததை உங்களுக்கு மட்டும் எப்படிச் சொல்றது?

அவர் சொன்ன மருந்துக்கடை விஷயத்துக்கு, நம்ம நாட்டுலயே பெரிய உதாரணம் ஒன்னு இருக்கு. பவால் சன்னியாசி வழக்கு. வங்காளத்துல பிரபலம், நம்ம பக்கம் அவ்வளவா தெரியாது.

டாக்கா பக்கத்துல பவால்னு ஒரு பெரிய ஜமீன். ரெண்டாவது குமாரர் ரமேந்திர நாராயண ராய். 1909 ஏப்ரல்ல உடம்பு சரியில்லைன்னு டார்ஜிலிங் போறார். கூட மனைவி, மனைவியோட அண்ணன், குடும்ப டாக்டர். மே 8ஆம் தேதி இறந்துட்டார்னு அறிவிப்பு. அங்கிருந்த வெள்ளைக்கார சிவில் சர்ஜன் கால்வெர்ட் கொடுத்த சான்றிதழ்ல காரணம் பித்தப்பைக் கல் வலி. நேரம், நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு, டாக்கா ஆத்தங்கரையில சாம்பல் பூசிக்கிட்டு உட்கார்ந்திருந்த ஒரு சாமியார், நான்தான் அந்தக் குமாரர்னு சொல்றார். சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்போ பெரிய மழை, தூக்கினவங்க ஒதுங்கப் போயிட்டாங்க, உயிர் இருந்த என்னை நாகா சாதுக்கள் காப்பாத்தினாங்கன்னு கதை. சகோதரி நம்பினாங்க. மனைவி நம்பல. ஆங்கிலேய நிர்வாகம் போலின்னு அறிவிச்சது. இந்த ஆள் யாருன்னு துப்புத் துலக்க போட்டோவோட பஞ்சாப் வரைக்கும் ஆள் அனுப்பினாங்க. அங்க ஒரு சாமியார் அந்தப் போட்டோவைப் பார்த்து, இவன் என் சிஷ்யன், பஞ்சாப் கிராமத்துக்காரன்னு சொன்னதா வாக்குமூலமும் வந்துச்சு.

1930ல சாமியார் வழக்கு போட்டார். ரெண்டு பக்கமும் சேர்த்து 1,500க்கும் மேல சாட்சிகள். இதுல எனக்கு ஆச்சரியம், கடைசியில எடை போட்டதுல எவ்வளவு மருத்துவக் காகிதம்ங்கறதுதான்.

குமாரர் இளவயசுல 30,000 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். அப்போ பரிசோதிச்ச டாக்டர், அடையாளக் குறின்னு இடது கணுக்கால் தழும்பை எழுதி வச்சிருந்தார். அந்தத் தழும்பு சாமியார் காலிலயும் இருந்துச்சு. டார்ஜிலிங் மருந்துக்கடைப் பதிவுல இருந்த மருந்துச்சீட்டுல ஆர்சனிக் இருந்துச்சு. கடைசி நாள் அறிகுறிகள் கல் வலிக்கு ஒத்துவரல, ஆர்சனிக் விஷத்துக்குத்தான் ஒத்துவருதுன்னு நீதிபதி பன்னாலால் பாசு முடிவு பண்ணினார். செத்துப்போனதா நினைச்சது நள்ளிரவு இல்ல, சாயங்காலம் ஏழு எட்டு மணிக்குள்ளன்னும் சொன்னார். அப்போ சிவில் சர்ஜனோட சான்றிதழ்? அதை அவர் நம்பல.

1936ல சாமியார் ஜெயிச்சார். 1940ல கல்கத்தா உயர் நீதிமன்றத்துல மூணு நீதிபதிகள்ல ரெண்டு பேர் அதே பக்கம். 1946 ஜூலை 30ல லண்டன் பிரிவி கவுன்சிலும் உறுதி பண்ணுச்சு. சில நாள்லயே அவர் இறந்துட்டார். அவர் உண்மையிலேயே குமாரர்தானான்னு வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடறாங்க, அது வேற கதை.

ஒன்னு கவனிச்சீங்களா? காப்பீட்டு அறிக்கையும் மருந்துச்சீட்டும் கோர்ட்டு வழியாத்தான் வெளிய வந்துச்சு. ரெண்டு தரப்பு வக்கீலும் குறுக்கு விசாரணை பண்ணினாங்க. டீக்கடை பெஞ்ச்ல ஒரு டாக்டர் வாசிச்சுக் காட்டல.

2002ஆம் வருஷ மருத்துவ நெறிமுறை விதிகள் இதைத் தெளிவாவே சொல்லுது. சிகிச்சையில தெரிஞ்சுக்கிட்ட ரகசியத்தை டாக்டர் வெளிய சொல்லக்கூடாது. நீதிபதி உத்தரவு போட்டா சொல்லலாம். யாருக்காவது பெரிய ஆபத்துன்னா சொல்லலாம். அரசுக்குத் தெரிவிச்சே ஆகவேண்டிய நோய்னா சொல்லலாம். துப்பறிவாளர் இந்தப் பட்டியல்ல இல்லவே இல்ல. இன்னொன்னு, 2005ல வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டம் செக்யூரிட்டி ஆட்களுக்கானது. துப்பறிவாளர்களுக்குன்னு 2007ல மாநிலங்களவையில ஒரு மசோதா வந்துச்சு, சட்டமா ஆகல. அதனால அவர் கார்டுல என்ன அச்சடிச்சிருந்தாலும் உங்களுக்கும் எனக்கும் இல்லாத அதிகாரம் எதுவும் அவருக்கு இல்ல. ஆஸ்பத்திரி ஊழியர்கள் பல பேர் இதைத் தெரியாம பயந்து காட்டிடறாங்க.

உங்க காகிதம் உங்களுக்குக் கிடைக்கணும்ங்கறதும் அதே விதியிலதான் இருக்கு. உள்நோயாளி ஆவணங்களை மூணு வருஷம் வச்சிருக்கணும், நோயாளியோ அவர் அனுமதிச்ச ஆளோ கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும். மூணு வருஷம்தான், அதனால டிஸ்சார்ஜ் ஆனவுடனே வாங்கி வச்சிடுங்க.

வீட்டுல பெரியவர் உயில் எழுதறதா இருந்தா, ரெண்டு சாட்சி கட்டாயம். பதிவு பண்றது கட்டாயமில்ல, பண்ணினா நல்லது. டாக்டர் சான்றும் கட்டாயமில்ல. ஆனா அன்னைக்கு ஒரு டாக்டர் வந்து, பேர் கேட்டு, தேதி கேட்டு, பிள்ளைங்க எத்தனை பேர், எந்தச் சொத்தை யாருக்குக் கொடுக்கறீங்கன்னு கேட்டு, அவர் சொன்ன பதிலை நேரத்தோட எழுதி வச்சா அதுக்குத் தனி பலம். "நலமாக உள்ளார்"னு ஒத்தை வார்த்தை எழுதற சான்று வக்கீல் முன்னாடி ரெண்டு நிமிஷம் நிக்காது. மறதி நோய் இருக்கறவர்கூட தெளிவா இருக்கற நேரத்துல உயில் எழுதலாம். அந்தத் தெளிவை யாராவது குறிச்சு வச்சிருக்கணும், அவ்வளவுதான்.

மலையைப் பத்தியும் ஒன்னு சொல்லணும். ஜவ்வாது மலையில வாழ்ற மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடி. இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 2(2)ன்படி, மத்திய அரசு அறிவிக்கை போட்டாலொழிய பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது. அதாவது கீழே இருக்கற பெண்களுக்கு 2005க்கு அப்புறம் பிறப்பிலேயே இருக்கற பங்கு, மேலே இருக்கற பெண்களுக்குத் தானா வர்றதில்ல. சாமை விளையற அப்பா நிலத்துல மகளுக்கு என்னன்னு கேட்டா, வழக்கம் என்ன சொல்லுதுன்னு பதில் வரும். 2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் இதை மாத்தறதைப் பத்தி யோசிக்கச் சொல்லி மத்திய அரசைக் கேட்டுச்சு. 2025 ஜூலைல சத்தீஸ்கர் கோண்டு குடும்ப வழக்குல, பெண்ணுக்குப் பங்கு இல்லைங்கற வழக்கம் நிரூபிக்கப்படாதப்போ மறுக்க முடியாதுன்னு, அந்த அம்மாவோட வாரிசுகளுக்குப் பங்கு கொடுத்துச்சு.

இந்த மாதிரி வழக்குக்கு வக்கீல் வைக்கக் காசு இல்லைன்னா, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் கிடைக்கும். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. போன் நம்பர் 15100.