புல்வெளியில் ஒரு ஃபஜ்ர்

எம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் துபாயில் கோல்ஃப் திடல் ஒன்றில் புல் பராமரிப்புப் பணியில் இருக்கிறார். சென்ற ஜனவரியில் ஓரிரவு அலைபேசியில் அழைத்தார். ஸலாம் கூறி நலம் விசாரித்தபின், சற்றுத் தயங்கி, "ஹஜ்ரத், ஒன்றரை மாதமாக ஃபஜ்ரைக் களாவாகத்தான் தொழுது வருகிறேன்" என்றார்.

நாம் சினந்தோம். "பத்து நிமிடம் ஒதுக்க முடியாதா, தம்பி? பந்து விளையாடுவோருக்காகவா தொழுகையைத் தவறவிடுவது?" என்று கேட்டோம். புல் வெட்டுவதில் அப்படியென்ன அவசரம் என்பதே எமது எண்ணம். அவர் மறுத்துப் பேசவில்லை. துஆச் செய்யுமாறு கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் நாமே அழைத்து, "உன் வேலையை முதலிலிருந்து சொல்லப்பா" என்றோம்.

திடலில் 18 குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கிரீன் எனப்படும் பசுந்தரை. அதன் புல்லை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்த வேண்டும். அதற்காக நாள்தோறும் வெட்டியாக வேண்டும். 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியையும் அடிக்கடி இடம் மாற்றுகிறார்கள். ஒரே இடத்தில் காலடி பட்டால் புல் நைந்துவிடும். மணற்குழிகளை வாரிச் சமப்படுத்த வேண்டும். முதல் ஆட்டக்காரர் வந்து சேருமுன், அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டே முடிக்க வேண்டிய வேலைகள் இவை. குளிர்காலமே அங்கு ஆட்டம் மிகுந்த பருவம்.

முன்பு விடியற்காலைப் பணியில் பத்துப் பேர் இருந்தனர். ஊர் திரும்பியோருக்குப் பதிலாக ஆள் வரவில்லை. இப்போது ஆறு பேர். இருவர் பகிர்ந்துகொண்ட 18 கிரீன்களும் இவர் ஒருவர் தலையில். நான்கு மணிக்கு இயந்திரத்தில் ஏறுகிறார். அந்த மாதத்தில் அங்கு ஃபஜ்ர் 5:45 மணியளவில் நுழைகிறது. 7 மணி கடந்ததும் சூரியன் உதிக்கிறது. ஆட்டமும் அப்போதே தொடங்குகிறது. அந்த இடைவேளையில் அவர் திடலின் கோடியில் இருப்பார். உளூச் செய்யும் குழாயோ கொட்டகையில். போய்வர அரை மணி நேரம். இவர் நின்றால், மணற்குழி வாரும் நேபாள நாட்டுத் தோழர் இவருடைய வேலையையும் சேர்த்து இழுக்க வேண்டும். "என் தொழுகைக்காக அவர் மூச்சு வாங்குவது நியாயமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்றும், அடியார்களின் உரிமையைப் பறிக்கலாகாது என்றும் வகுப்பில் வெவ்வேறு நாட்களில் பாடம் நடத்துகிறோம். இரண்டும் ஒரே காலைப்பொழுதில் ஒருவர் முன் வந்து நிற்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எமது பள்ளிவாசலிலும் ஒரே மோதினார் பாங்கு சொல்லி, ஹவுளைக் கழுவி, மையவாடிப் புல்லையும் செதுக்குகிறார். அவரிடம் தாமதத்திற்குக் காரணம் கேட்டிருக்கிறோமே தவிர, வேலை எவ்வளவு என்று கேட்டதில்லை.

"பக்கத்திலேயே தெளிப்பான் தண்ணீர் இருக்குமே" என்றோம். அது சுத்திகரித்த கழிவுநீராம். அந்த நீர் தெறித்த உடையோடு தொழலாமா என்ற கலக்கமும் அவருக்கு இருந்தது. நிறம், மணம், சுவை ஆகியவற்றில் அசுத்தத்தின் அடையாளம் எஞ்சாதவாறு சுத்திகரித்த நீர் தூய்மையானதே என்று சஊதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் பேரவை 1978-ல் முடிவு செய்திருப்பதை எடுத்துச் சொன்னோம். ஆனால் குடிக்கக் கூடாது என்று பலகை வைத்துள்ள நீரில் வாய் கொப்பளிப்பானேன்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் உளூச் செய்தார்கள். ஒரு லிட்டர்கூட இல்லை. ஒரு குப்பித் தண்ணீரை இயந்திரத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம். முதல் நாள் சினந்து பேசியதற்கு மன்னிப்பும் கேட்டோம்.

நேபாளத் தோழரிடம் அவரே பேசினார். அவர் சிரித்துவிட்டு, "நான் தேநீர் குடிக்கும்போது என் மணற்குழியை நீ வாரு" என்றாராம். இப்போது ஃபஜ்ர் நுழைந்ததும் இயந்திரத்தைக் கிரீனை விட்டு வெளியே நிறுத்துகிறார். எண்ணெய் கசிந்தால் புல் கருகிவிடும். சுன்னத்தும் ஃபர்ளும் சிறிய சூராக்களோடு எட்டு நிமிடம். அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் ஒரு ஃபஜ்ரும் களாவாகவில்லை.

நேற்று மீண்டும் செய்தி வந்தது. அந்த நேபாளத் தோழர் அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார்; இனி ஐவர். எந்தக் கிரீனிலிருந்து தொடங்கினால் நேரம் கிடைக்கும் என்று பார்க்க, திடலின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், இன்று இஷாவுக்குப் பின் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.