"சரி" என்ற சொல்லுக்கு இடமில்லை

ஆண்டுக்கு இரண்டு நாள், மாலை வேளையில் சில மணி நேரம், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எந்த விமானமும் இறங்குவதில்லை, ஏறுவதுமில்லை. பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் வழி ஓடுபாதையைக் குறுக்கே கடந்து செல்கிறது. வழி பழையது, 1932இல் தொடங்கிய நிலையம் பின்னால் வந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் விமானிகளுக்கு முன்கூட்டியே ஓர் அறிவிப்பு போகும். அதற்கு நோட்டாம் என்று பெயர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வாளேந்தி நடப்பதற்கும் யானைக்கும் மேளத்துக்கும் அவ்வகை அறிவிப்பின் இலக்கணத்தில் வேலையில்லை. எந்த ஓடுபாதை, எப்போதிலிருந்து, எப்போது வரை: அவ்வளவே வேண்டும். நேரமும் நம் நேரமன்று, உலகப் பொது நேரம்.

இந்நகரில் இருந்துகொண்டு தமிழ்க் கலைச்சொல்லாக்கம் குறித்து ஆய்வு செய்துவரும் எனக்கு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு ஒரு மாதிரித் துறையாகவே முதலில் தோன்றியது. ஆங்கிலச் சொல் இடப்பக்கம், தமிழ்ச் சொல் வலப்பக்கம் என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்ற எண்ணம்தான். ஒரு புதுச்சொல்லைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை நீங்கள் அறிவீர்கள். வேர் தமிழா? புணர்ச்சி பொருந்துகிறதா? மூலச்சொல்லின் பொருள் முழுமையாக வந்திருக்கிறதா? கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு. இரைச்சலுக்கு நடுவே, களைத்த ஒரு காதுக்கு, இச்சொல் இன்னொன்றாகக் கேட்டுவிடுமா? இந்தக் கேள்வியை எந்தக் கலைச்சொல் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

"சரி" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் ஆட்டோ ஓட்டுநரும் சொல்வார், நாகர்கோவில் கடைக்காரரும் சொல்வார். காதில் விழுந்தது என்பதற்கும் சரி, புரிந்தது என்பதற்கும் சரி, அப்படியே செய்கிறேன் என்பதற்கும் சரி, நீ சொன்னது பிழையில்லை என்பதற்கும் சரி. பேச்சை முடித்துப் போனை வைப்பதற்கும் அதுவே. கோபுரத்தின் மொழி இந்த ஒற்றைச் சொல்லை நான்காகப் பிளந்து வைத்திருக்கிறது. "ரோஜர்" என்றால் நீ கடைசியாகச் சொன்னது முழுவதும் என்னை வந்தடைந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. திரைப்படங்களில் ஒப்புதலாக முழங்கும் ரோஜரில் உண்மையில் ஒப்புதல் இல்லை. புரிந்தது, செய்கிறேன் என்பதற்கு "வில்கோ". ஆம் என்பதற்கு "அஃபர்ம்". நீ சொன்னது பிழையற்றது என்பதற்கு "கரெக்ட்". அஃபர்மேட்டிவ் என்ற முழுச்சொல் வழக்கிலிருந்து வெட்டப்பட்டதற்கும் காரணம் உண்டு. முன்பாதி இரைச்சலில் போய்விட்டால், எஞ்சும் வால் "நெகட்டிவ்" என்பதன் வாலைப் போலவே ஒலிக்கும். ஆமும் இல்லையும் ஒன்றாகிவிடும்.

நம் "சரி"க்கு நெருங்கிய உறவான "ஓகே" செய்த சேதத்தை உலகம் 1977 மார்ச் 27 அன்று கண்டது. கானரித் தீவுகளில் டெனெரீஃபே. மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747கள். கே.எல்.எம். விமானத்துக்குப் பறந்தபின் செல்லவேண்டிய வழித்தடத்துக்கான அனுமதி மட்டுமே தரப்பட்டது; கிளம்புவதற்கான அனுமதி அன்று. ஆனால் அந்த வழித்தட அனுமதியின் வாசகத்துக்குள் "டேக்-ஆஃப்" என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம் என்னும் பொருள்படச் சேர்த்துச் சொன்னார். கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்பதா, கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதா? டச்சு மொழியில் நிகழ்கால வினை அமையும் விதம் அந்த ஆங்கிலத்துக்குள் புகுந்துவிட்டது என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். காத்திருங்கள், அழைக்கிறேன் என்று அவர் தொடர்ந்த அதே கணத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானமும் பேசியது. இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதி வெறும் கிறீச்சொலியாயின. கே.எல்.எம். அறையில் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும். 583 பேர் இறந்தனர்.

அதன்பின் "டேக்-ஆஃப்" என்ற சொல் பூட்டி வைக்கப்பட்டது. கிளம்ப அனுமதி தரும்போதும் அதை விலக்கிக்கொள்ளும்போதும் மட்டும் அது வெளியே வரும். மற்ற இடங்களிலெல்லாம் "டிபார்ச்சர்". ஒரு பொருள் குறித்த பல சொற்களை நிகண்டில் வகைப்படுத்தி மகிழ்ந்த மரபு நம்முடையது. ஒரு சொல்லை ஒரே தருணத்துக்கு மட்டும் ஒதுக்கி, மற்றெல்லா இடத்திலும் அதைத் தடைசெய்யும் அகராதி எனக்குப் புதிதாக இருந்தது.

கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது இம்மொழியின் அடிப்படை விதி. ரீட்-பேக் என்பார்கள். ஓடுபாதை எண், உயரம், திசை போன்றவற்றுக்கு ரோஜர் என்று மட்டும் பதில் சொல்லக்கூடாது. எண்ணையே ஒப்பிக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. திருப்பிச் சொல்லப்பட்டதைச் சொன்னவர் காதுகொடுத்துக் கேட்டுப் பிழை இருந்தால் திருத்தவேண்டும். 1989 பிப்ரவரி 19 அன்று, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2400 அடிக்கு இறங்கச் சொல்லி, "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று எண்களை அடுக்கினார் கட்டுப்பாட்டாளர். முதல் "டூ" வேற்றுமை உருபாகக் கேட்டது; மீதி 400. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றே விமானத்திலிருந்து பதிலும் போனது. யாரும் திருத்தவில்லை. பூச்சோங் அருகே குன்றில் மோதி நால்வரும் இறந்தனர். தமிழில் "நானூறுக்கு" என்று உருபு பின்னால் ஒட்டிக்கொள்வதால் இந்தக் குறிப்பிட்ட குழப்பம் நேராது என்று ஒரு தமிழாய்வாளர் பெருமைப்படலாம். நானும் ஒரு மாலைப்பொழுது பெருமைப்பட்டேன். பிறகு, எழுபதும் எண்பதும், இருபதும் அறுபதும் மோசமான போன் இணைப்பில் என்ன ஆகின்றன என்று நினைத்துப் பார்த்தேன். கைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும் நம் பழக்கம் இதிலிருந்து தப்பும் வழிதான். திருவனந்தபுரம் ஓடுபாதை ஒரு முனையில் "ஒன் ஃபோர்", மறுமுனையில் "த்ரீ டூ". காந்தத் திசைமானியில் ஏறத்தாழ 140 பாகை, 320 பாகை. கடைசிச் சுழியை விட்டுவிடுவார்கள். பதினான்கு என்று யாரும் சொல்வதில்லை. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்துப் பெயர்களும் இதே தேவையில் பிறந்தவை. வங்கிக்குப் போன் செய்து "பி ஃபார் பாம்பே" என்று பெயரை எழுத்துக்கூட்டும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் கலைச்சொல் பட்டியல்கள் எல்லாவற்றிலும் அது தவறாமல் இருக்கிறது: "அவசரம்". பேருந்தைப் பிடிக்க ஓடுவதும் அவசரம், உயிர் ஊசலாடுவதும் அவசரம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் வான்வெளியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வைக்கப்பட்ட கொலம்பிய ஆவியங்கா விமானத்தின் துணை விமானி, எரிபொருள் தீர்கிறது, எங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார். முன்னுரிமை என்ற சொல் கட்டுப்பாட்டாளர்களை எழுப்பவில்லை. "மேடே" என்று அவர் சொல்லவேயில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தனர். மேடே என்பது வரிசையில் முன்னே விடுங்கள் என்ற வேண்டுகோளன்று. சொன்ன கணத்தில் வரிசையையே கலைத்துவிடும் சொல். 2025 ஜூன் 14 இரவு பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் எரிபொருள் குறைந்து இங்கே அவசரமாக இறங்கியபோது, கேரளம் முழுக்க அதன் பெயரால் சிரித்துக் களித்தது; பழுதாகி ஜூலை 22 வரை நின்ற விமானத்தைச் சுற்றுலாத் துறையே விளம்பரமாக்கியது. நானும் சிரித்தேன். முன்பின் தெரியாத ஒரு விமானி கேட்டதும் ஒரு பன்னாட்டு நிலையம் இடம்விட்டதை மட்டும் யாரும் வியக்கவில்லை.

"கட்டுப்பாடு" என்ற நம் மொழிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோபுரம் விமானத்தை ஓட்டுவதில்லை. அது தருவது அனுமதி, அறிவுறுத்தல், தகவல். பாதுகாப்பில்லை என்று கருதினால் விமானி "அனேபிள்", என்னால் இயலாது என்று ஒரே சொல்லில் மறுக்கலாம். அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முனைவர் பட்ட மாணவர்கள் இச்சொல்லைச் சற்றே ஏக்கத்துடன் படிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"கோ-அரவுண்ட்" அதற்கு அடுத்த வீட்டுச் சொல். இறங்குவதைக் கைவிட்டு மேலேறிச் சுற்றி வருதல். 2025 ஆகஸ்ட் 10 அன்று இங்கிருந்து தில்லிக்குக் கிளம்பிச் சென்னைக்குத் திருப்பிவிடப்பட்ட ஏர் இந்தியா விமானம் முதல் முயற்சியில் இறங்காமல் மேலேறியது. ஓடுபாதையில் வேறு விமானம் நின்றதாக விமானியே சொன்னார் என்றார் அதில் பயணித்த நாடாளுமன்ற உறுப்பினர். கோ-அரவுண்ட் செய்யச் சொன்னது கட்டுப்பாட்டுக் கோபுரம், காரணம் அதுவன்று என்றது நிறுவனம். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் செய்தித்தாள்களில் இச்சொல் வரும்போதெல்லாம் "நூலிழையில் உயிர் தப்பினர்" என்றே எழுதுகிறோம். பயிற்சியிலேயே கற்பிக்கப்படும் இயல்பான செயல் அது. அதைச் செய்யாமல் விட்டதற்கு உதாரணம் 2010 மே 22, மங்களூர். துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் சொல்லியும் தலைமை விமானி இறங்கவே முற்பட்டார் என்று விசாரணை கண்டது. துபாயிலிருந்து வந்த 158 பேர் இறந்தனர்.

இவற்றைப் படித்தபின் வரும் இயல்பான கேள்வி, இம்மொழி ஆங்கிலமாக மட்டும்தான் இருக்கவேண்டுமா என்பது. பன்னாட்டு விதி அப்படிச் சொல்லவில்லை. தரை நிலையத்தின் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். பன்னாட்டு விமானம் கேட்டால் ஆங்கிலம் கிடைக்கவேண்டும். 1976இல் கனடாவில் கியூபெக் வானில் பிரெஞ்சு பேசலாமா என்று பெரும் போராட்டமே நடந்தது. இருமொழியாலும் பாதுகாப்புக் கெடவில்லை என்று 1979இல் ஆணையம் முடிவு சொன்னது. மறுபக்கம் 1996 நவம்பர் 12, சர்க்கி தாத்ரி. தில்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி, இறங்கிவந்த கஜக் விமானத்துக்கு 15,000 அடி. கஜக் விமானம் அதற்கும் கீழே இறங்கியது. அதில் வானொலிப் பேச்சு ஒருவரிடம், விசைகள் வேறொருவரிடம். பேசியவருக்குத் தனி உயரமானிகூட இல்லை. தில்லியின் ராடாரும் அப்போது உயரத்தைக் காட்டாது. 349 பேர். வளைகுடா வேலைக்குப் போன எளிய மக்கள் அதில் நிறைய. அதன்பின்தான் மோதல் தவிர்ப்புக் கருவி இங்கே கட்டாயமானது. கோபுரத்துக்குத் தமிழ் வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். இங்கே கட்டுப்பாட்டாளர் பேசும் விமானி மாலத்தீவிலிருந்தும் வரலாம், மஸ்கட்டிலிருந்தும் வரலாம்.

தமிழுக்கு இந்த ஒழுங்கு தேவைப்படும் இடம் ஓடுபாதையின் மதிலுக்கு மறுபக்கம் இருக்கிறது. சங்குமுகம், வலியதுறை, தெற்கே பூந்துறை, விழிஞ்ஞம், மாநில எல்லை கடந்தால் வள்ளவிளை, தூத்தூர். ஆழ்கடல் படகுகளின் வயர்லெஸ்ஸில் தமிழும் மலையாளமும்தான் பேசப்படுகின்றன. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலை ஒக்கிப் புயலானது. படகுகள் பல நாட்களுக்கு முன்பே வெகுதூரம் போயிருந்தன. எச்சரிக்கை எட்டாததற்கு முதற்காரணம் தொலைவு. ஆனால் எட்டியிருந்தால் என்ன கேட்டிருக்கும்? காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மூன்று வேறு அபாயங்கள். ஒலியில் முக்கால் பங்கு ஒன்றேதான். வேறுபடுத்தும் சொல் ஒரு முறை வாக்கியத்தின் தலையில், ஒரு முறை வாலில். இரைச்சலில் முதலில் போவது இவ்விரண்டு இடங்களும்தான். இலக்கணத்தில் குற்றமற்ற இச்சொற்கள் கோபுரத்தின் தேர்வில் முதல் நாளே தோற்றுவிடும். "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வாசகமோ கரையில் இருப்பவருக்கானது. ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு அதில் ஒரு வினைச்சொல்கூட இல்லை. ஒக்கிக்குப் பின் படகுகளுக்குத் தரப்பட்ட இஸ்ரோவின் நாவிக் கருவிகள் கரையின் செய்தியைக் கடலுக்குக் கொண்டுபோயின. திருப்பிச் சொல்ல வழியில்லை. ஆபத்தில் இருக்கும் படகு அனுப்பும் செய்தி கிடைத்தது என்று படகுக்கே திரும்பத் தெரிவிக்கும் இரண்டாம் தலைமுறைக் கருவி 2024இல் வந்தது. அதாவது, ஒரு ரோஜர்.

ஆய்வேட்டின் அடுத்த இயலை இங்கே திருப்பிவிட்டேன். வானிலை எச்சரிக்கைகளின் இப்போதைய தமிழ் வாசகங்களை, இயந்திர இரைச்சலையும் வானொலி இரைச்சலையும் கலந்து ஒலிக்கவிட்டு, கடலோடிகளிடம் என்ன கேட்டது என்று அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வதுதான் சோதனை. கச்சான், வாடை, நீவாடு என்று அவர்களிடம் ஏற்கெனவே உள்ள குறுஞ்சொற்களையும் அதே இரைச்சலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒலியியல் ஆய்வகம் உள்ள துறைகளிலிருந்து யாரேனும் சேர்ந்துகொள்ள விரும்பினால் எழுதுங்கள். தென்மேற்குப் பருவத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் வாரங்களே இதற்கு ஏற்றவை.