கில்ட்டுக்கு ஏற்ற குல்லாய்

எடின்பரோ நகரத்தில், குன்றின் மேலுள்ள கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரையில் சரிவாக இறங்கிச் செல்லும் வீதிக்கு ராயல் மைல் என்று பெயர். அந்த வீதியில் வைத்துத்தான் என் நண்பருக்குத் தலைவலி ஆரம்பித்தது. அவருடன் படித்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தமது விவாகத்துக்கு அழைத்திருந்தார். 'கில்ட்' அணிந்துதான் வரவேண்டும் என்பது நிபந்தனை. இடுப்பிலே கட்டிக்கொள்ளும் அந்தக் கட்டம் போட்ட கம்பளி உடை வாடகைக்கே கிடைத்துவிட்டது. தலைக்கு என்ன செய்வது?

கடைக்காரர் வயது முதிர்ந்தவர். எங்கள் முன் மூன்று குல்லாய்களை எடுத்து வைத்தார். முதலாவது 'கிளென்கரி'. படகு போல் நீண்டு மடிந்து, பின்னால் இரண்டு நாடாக்கள் தொங்கின. பட்டாளத்தாருக்கும் பைப் வாத்தியக்காரர்களுக்கும் அது மிகவும் எடுப்பு. மற்றவர்கள் வைத்துக்கொண்டால் வாத்தியத்தை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவர் போல் தோன்றும்! இரண்டாவது 'டாம் ஓ ஷாண்டர்'. கவி பர்ன்ஸ் 1791-ல் வெளியிட்ட கவிதையின் கதாநாயகன் பெயர் அது. அகன்று தொளதொளவென்று சரியும். உச்சியில் ஒரு கம்பளிக் குஞ்சம். வயலுக்கும் மழைக்கும் ஏற்றது. மூன்றாவது 'பால்மோரல்'. வட்டமாய், தட்டையாய், அடக்கமாய் இருந்தது. இடது பக்கத்தில் கறுப்பு நாடா முடிச்சு.

நண்பருக்கு மூன்றின் மீதும் மனம் செல்லவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்த கழுகு இறகுகளைக் காட்டி, "அவற்றில் மூன்றைச் செருகினால் எப்படி?" என்றார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "மூன்று இறகு குலத் தலைவருக்கு, ஐயா. கிளைத் தலைவருக்கு இரண்டு. சொந்தமாக விருதுச் சின்னம் பெற்றவருக்கு ஒன்று. எனக்கே ஒன்றும் கிடையாது" என்றார். குலத்தைச் சேர்ந்த சாதாரண மனிதர்கள், வார்ப்பட்டை சூழ்ந்த தலைவரின் சின்னத்தை மட்டும் குல்லாயில் குத்திக்கொள்வார்களாம்.

ஓர் இறகுக்கு இவ்வளவு கண்டிப்பா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் இந்த உடைக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1746-ல் கல்லோடன் போர்க்களத்தில் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசரின் சேனை முறியடிக்கப்பட்டது. அந்தச் சேனையார் நீலக் குல்லாயில் வெள்ளை நாடா முடிச்சை அடையாளமாக அணிந்தவர்கள். அதே வருஷம் லண்டன் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 1747 ஆகஸ்டு முதல் தேதிக்குப் பிறகு மலைநாட்டு உடை தரிக்கும் ஆண்பிள்ளைக்கு ஆறு மாதம் சிறை. மறுபடியும் தரித்தால் ஏழு வருஷம் கடல் கடந்த நாடுகடத்தல்! அரசருடைய பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் அதே உடை குற்றமில்லை. இந்த விசித்திர நியாயம் 1782 வரையில் நீடித்தது. அப்புறம் 1822-ல் நான்காம் ஜார்ஜ் அரசரே எடின்பரோவுக்கு வந்து கில்ட் அணிந்தார். அந்த வைபவத்தை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் ஸர் வால்டர் ஸ்காட். சிறைக்கு அனுப்பிய உடை சிங்காரமாகிவிட்டது.

இதையெல்லாம் கேட்ட நண்பர் பேசாமல் இறகைத் திருப்பிக் கொடுத்தார். சின்னம் எதுவும் இல்லாத நீலப் பால்மோரல் ஒன்றை வாங்கிக்கொண்டார். "மாதா கோயிலுக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள், விருந்து மண்டபத்திலும் வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார்.

ஆகவே, விவாகத்தன்று அந்தக் குல்லாய் நண்பருடைய தலையில் இருந்தது வாசலில் படம் எடுத்த பத்து நிமிஷந்தான். அதிலும் பாதி நேரம், எடின்பரோக் காற்றுக்குப் பயந்து, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.