ஓடாத வண்டியில் ஓரிரவு

பயணம் செய்ய வண்டி வேண்டும். தங்குவதற்கு வீடு வேண்டும். இவ்விரண்டும் வேறு வேறு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். 2021 டிசம்பரில் மூணாற்றுக்குச் சென்று, ஓட்டம் ஓய்ந்த பேருந்து ஒன்றினுள் ஓரிரவு உறங்கி எழுந்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. அன்பர்களுக்கு அதனைச் சொல்ல விழைகின்றோம்.

எங்கள் ஊர் பாலராமபுரம். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவில் செல்லும் பெருவழியில் உள்ளது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடிகள் இங்கே வந்து அமர்ந்தன. மன்னர் பெயரே ஊர்ப்பெயராயிற்று. கையால் நாடாவை எறிந்து குழித்தறியில் நெய்யும் எங்கள் ஊர்ப் பருத்தித் துணிக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு கிடையாது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் தந்தையாரும் நெய்தவரே. அவர் மறைந்தபின் அவருடைய தறி ஆறு ஆண்டுகளாக நூலின்றிக் கிடந்தது.

அத்தறியை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். சுற்றுலா விடுதி ஒன்றின் முன்கூடத்தில் அழகுக்காக நிறுத்தப் போவதாகக் கூறினார். நல்ல விலை. மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சம்மதமே. அம்மா மட்டும் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மூணாறு சென்று திரும்பியபின் விடை சொல்வதாக வந்தவரிடம் கூறிவிட்டுப் புறப்பட்டோம்.

மூணாற்றில் விடுதி வாடகை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் பழைய பேருந்துகளைப் படுக்கை வண்டிகளாக மாற்றி, 2020 நவம்பர் முதல் மூணாறு பணிமனையில் நிறுத்தியிருந்தது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, மேலும் கீழுமாக ஒரு வண்டிக்குப் பதினாறு படுக்கைகள் அமைத்திருந்தார்கள். தொடங்கியபோது ஒரு படுக்கைக்கு ஓரிரவுக் கட்டணம் ரூபாய் 100. நாங்கள் ஐவரும் அங்கேயே தங்குவதென்று முடிவு செய்தோம். உறவினர் கேட்டால் எங்கே தங்கினோம் என்று சொல்வது என்னும் கூச்சம் எங்களுக்கு இருந்ததை மறைப்பானேன்?

படியில் கால் வைத்த அம்மா தயங்கி நின்றார். "மக்களே, இது இராத்திரியில் புறப்பட்டுப் போய்விடாதே?" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். ஆயினும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாற்பது ஆண்டுகள் நாகர்கோவிலுக்கும் பாலராமபுரத்துக்கும் அவரைச் சுமந்தவை இத்தகைய சிவப்பு வண்டிகளே. துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நின்றும் இருந்தும் சென்றவர் அவர். பேருந்தில் கால் நீட்டிப் படுப்பது அன்றுதான் முதல் முறை.

விளக்கை அணைக்குமுன் மகள் வேற்று நாட்டுச் செய்தி ஒன்று சொன்னாள். மோட்டார் வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் அலுமினிய வீடுகளை 1930களிலேயே அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் என்னும் பெயரில் செய்யத் தொடங்கினர். அவற்றுள் ஏழு பழைய வண்டிகளைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கிராண்ட் டாடி என்னும் விடுதியின் மொட்டை மாடியில் ஏற்றி வைத்தார்களாம். கலைஞர்களைக் கொண்டு ஒவ்வொரு வண்டியையும் ஒவ்வொரு விதமாக அழகு செய்தார்களாம். மூன்று கரடிகளின் கதையைப் பொருளாகக் கொண்டது அவற்றுள் ஒன்று.

"நம் ஆலப்புழையில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் வீட்டுப்படகுகள் ஆகவில்லையா? அதுபோலத்தான்" என்று நாங்கள் சொன்னோம்.

அம்மா உறங்கிவிட்டார் என்றே நினைத்தோம். கீழ்ப்படுக்கையிலிருந்து குரல் வந்தது. "அந்த வண்டிகளிலும் ஆள் படுக்கிறார்கள். இந்த வண்டியிலும் ஆள் படுக்கிறோம். படகும் ஆளைச் சுமக்கிறது. நம் தறி அந்த விடுதிக்குப் போனால் அதில் பாவு ஏறுமா?"

எங்களிடம் மறுமொழி இல்லை. குளிர் மிகுந்த இரவு. மலைச்சாலையில் எப்போதாவது செல்லும் வண்டியின் ஒலியைக் கேட்டபடி நெடுநேரம் விழித்திருந்தோம். ஓட இயலாத வண்டிக்கும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. தறியோ பழுதின்றி இருக்கிறது, நெய்வாரைத்தான் காணோம். அதனைப் பார்வைப் பொருளாக்கிவிட முனைந்தது எங்கள் பணமுடை. முடை பொய்யன்று, ஆயினும் அம்மாவின் கேள்வியும் பொய்யன்று.

விடியற்காலையில் தேநீர்க் கடையில் தோட்டத் தொழிலாளர் தமிழிலே உரையாடிக்கொண்டிருந்தனர். அம்மா அவர்களோடு பேச்சில் கலந்தார். எந்த ஊர், என்ன உறவு என்று விசாரித்து, பேருந்துக்குள் தங்கியிருப்பதைப் பெருமையோடு சொன்னார். எங்கள் கூச்சம் அங்கேயே கரைந்தது.

ஊர் திரும்பியதும் விடுதிக்காரருக்கு இல்லை என்று சொன்னோம். அடுத்த தெருவில் நெசவு கற்றிருந்த இளம்பெண் ஒருத்திக்குச் சொந்தத் தறி இல்லை. அவர் கேட்டதில் பாதிக்கும் குறைவான விலைக்கு, தவணை முறையில், இவளுக்குக் கொடுத்தோம். கட்டணத்துக்குக் கடன் வாங்க நேர்ந்தது. அக்கடன் தீர ஈராண்டாயிற்று. அதில் வருத்தமே இல்லை என்று எழுதினால் அது மிகையாகும்.

அவள் வீட்டில் புதுக் குழி தோண்டித் தறியை நிறுத்தினார்கள். 2022-இல் வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்த செய்தியை மகள் வாசித்துக்கொண்டிருந்த நாளொன்றில், அப்பெண் தான் நெய்த முதல் நேரியதை எடுத்து வந்தாள். அம்மா அதனை விரித்து, ஒருபுறம் பார்த்தார். திருப்பி மறுபுறம் பார்த்தார். பிறகு மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தேநீர் குடித்துவிட்டுப் போ, மக்களே" என்றார்.