ரியாஸான் சேர்ந்த மாலை

"மாமா, சனிக்கிழமை ரியாஸான் நம்மகூடச் சேர்ந்துடும். வந்தீங்கன்னா நேர்லயே பார்க்கலாம்." கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் அக்கா மகள் போனில் அழைத்தாள். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் பேச்சில் இருந்த பரபரப்பைக் கேட்ட பிறகு போகாமல் இருக்க மனம் வரவில்லை.

போனபோது பிற்பகல் மூன்று மணி. மேசையில் லேப்டாப்பும் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டும் இருந்தன. திரையில் கிழக்கு ஐரோப்பாவின் வரைபடம், மேல் மூலையில் தேதி: 1461, மார்ச். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள்.

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்பது விளையாட்டின் பெயர். ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. 1444 நவம்பர் 11 அன்று தொடங்கி 1821 வரை, ஒவ்வொரு நாளாக உலகம் நகரும். அன்றைய உலகின் எந்த நாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். அவள் எடுத்தது மஸ்கோவி, மாஸ்கோவைத் தலைநகராகக் கொண்ட நாடு. பின்னாளில் ரஷ்யாவாக வளர்ந்தது அதுதான். சுற்றிலும் ட்வேர், ப்ஸ்கோவ், நோவ்கோரோட், தென்கிழக்கில் ரியாஸான்.

நான் பிரவுசிங் சென்டரில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடி வளர்ந்தவன். அதில் கூட்டாளி கடைசிவரை கூட்டாளிதான், எதிரியை அடித்தால் அவன் அழிவான். ஒரு கூட்டாளி நாடு சண்டை இல்லாமல் மனமொப்பி நம் நாட்டோடு கரைவது எனக்குப் புதிது.

"ரியாஸான் சின்ன நாடுதானே, படையை அனுப்பி எடுத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம் மாமா. ஆனா எடுத்த மண் உடனே நம்மளது ஆகாது."

சண்டை போட்டுப் பிடித்த ஊரை முழுக்கத் தன் மண்ணாக்க, ஒவ்வொரு வளர்ச்சிப் புள்ளிக்கும் அடிப்படையில் 10 நிர்வாகப் புள்ளி செலவிட வேண்டும். அதுவரை அங்கே கலகம் புகையும். அதைவிட மோசம், ஆக்கிரமிப்பாளன் என்ற கெட்ட பெயர். அக்கம்பக்கத்து நாடுகள் அதைக் கணக்கு வைத்திருந்து, அளவு மீறினால் ஒன்றுகூடி ஒரே நேரத்தில் மேலே விழும். பேசிச் சேர்த்துக்கொண்டால் கெட்ட பெயர் இல்லை, நிர்வாகப் புள்ளியும் வேண்டாம். சேர்ந்த அன்றே அந்த மண் சொந்த மண்.

ஆனால் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை அவள் நோட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் பக்கத்தில் '1444 - ரியாஸானுக்குத் தூதர்' என்று எழுதியிருந்தாள். தொடக்கத்தில் இருப்பது இரண்டே தூதர்கள். அதில் ஒருவரை ரியாஸான் அரண்மனையில் ஆண்டுக்கணக்கில் உட்காரவைத்திருக்கிறாள். நம்மைப் பற்றி ஒரு நாடு என்ன நினைக்கிறது என்பதற்கு இந்த விளையாட்டில் ஓர் எண் உண்டு, −200 முதல் +200 வரை. தூதர் உட்கார்ந்து பேசிப் பேசி அதிகபட்சம் 100 சேர்க்கலாம். மீதியைக் கூட்டணி, அரச குடும்பத் திருமணம், ஒரே சமயம், காசாக அனுப்பும் பரிசு என்று வேறு வழிகளில் தேற்ற வேண்டும். 190ஐத் தொட்டால்தான் "எங்கள் மேலாட்சியை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்கவே முடியும்.

கேட்டால் மட்டும் போதாது. பொத்தான்மேல் சுட்டியை வைத்தால் ஒரு பட்டியல் விரிகிறது. பச்சையில் சாதகங்கள், சிவப்பில் பாதகங்கள். நம் படைபலம், அவர்கள் பொருளாதாரம், ராஜதந்திரத்தில் நமக்குள்ள நற்பெயர் எல்லாம் கூட்டிக் கழிக்கப்படுகின்றன. ஆறு ஆண்டுகள் அவள் அந்தப் பட்டியலைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள். '1450, செப்டம்பர் - சரின்னு சொல்லிட்டாங்க!' என்ற வரியின் கீழ் இரண்டு கோடு.

அன்றோடு வேலை முடியவில்லை. ரியாஸான் மேலாட்சியை ஏற்ற சிற்றரசு ஆனது, அவ்வளவுதான். வருமானத்தில் ஒரு பங்கைத் திறையாகக் கட்டும், போர் வந்தால் கூட நிற்கும். வரைபடத்தில் பெயரும் எல்லையும் அரசரும் அப்படியே இருப்பார்கள். முழு இணைப்புக்கு இன்னும் 10 ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த 10 ஆண்டும் நல்லெண்ணம் குறையாமல், சுதந்திர வேட்கை 50 விழுக்காட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டுவிட்டால், நமக்கு ஆகாத வேறொரு நாடு போய் அவர்கள் விடுதலைக்கு ஆதரவு தரும்.

காத்திருந்த 10 ஆண்டும் 1460 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அப்புறம் ஏன் தாமதம்? நோட்டின் அந்தப் பக்கத்தை விரலால் தட்டினாள். "ரோஸ்தோவாலதான் மாமா."

ரோஸ்தோவ் ஆட்டத்தின் முதல் நாளிலிருந்தே மஸ்கோவியின் சிற்றரசு. அதன் இணைப்பை முன்பே தொடங்கியிருக்கிறாள். ரியாஸானுக்கு நாள் கனிவதற்குச் சற்று முன்பு அது நிறைவேறியது. ஒரு சிற்றரசைக் கரைத்துக்கொண்டால் மற்ற சிற்றரசுகள் எல்லாம் கலங்குகின்றன, நாளை நமக்கும் இதுதானே என்று. ரியாஸானின் நல்லெண்ணம், இணைப்புக்கும் தேவையான 190க்குக் கீழே சரிந்தது. பொத்தான் மங்கிப்போனது.

எந்தப் போர்க் காட்சியையும்விட இந்த இடம்தான் என்னை உலுக்கியது. ஒருவருக்குச் செய்ததை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை ஒரு கணிப்பொறி விளையாட்டு இவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறதே!

"ரோஸ்தோவ ஆறு மாசம் தள்ளிப் போட்டிருக்கணும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். உண்மையான வருத்தம் அது. தூதரை மறுபடி ரியாஸானுக்கு அனுப்பி, பரிசும் கொடுத்து, ஒவ்வொரு புள்ளியாக எண்ணை ஏற்றியிருக்கிறாள். நான் போய் உட்கார்ந்தபோது 189.

ஆட்டத்தை ஓடவிட்டாள். ஏப்ரல். 190. பொத்தான் உயிர் பெற்றது. அழுத்தினாள்.

சட்டென்று எதுவும் நடக்கவில்லை. ஒரு கோடு மட்டும் தோன்றி, மெல்ல நிரம்பத் தொடங்கியது. இணைப்புக்கு ஒரு வளர்ச்சிப் புள்ளிக்கு 8 ராஜதந்திரப் புள்ளி விலை. அவள் ஆட்டத்தில் அன்று ரியாஸானின் வளர்ச்சி 25, ஆக 200 புள்ளி. மாதந்தோறும் கிடைப்பதோ அடிப்படையாக 3, அரசரின் திறமைக்கு 0 முதல் 6 வரை, அமர்த்திக்கொண்ட ஆலோசகருக்கு ஒன்றிரண்டு. கப்பல், வணிகம் சார்ந்த தொழில்நுட்பத்தில் முன்னேறவும் இதே புள்ளிகள்தான் வேண்டும். அந்தத் துறையில் அவள் நாடு மேற்கு நாடுகளைவிடப் பின்தங்கியிருந்தது. அது தெரிந்தேதான் இந்தச் செலவைச் செய்தாள்.

கோடு நிரம்பும் வரை பேசிக்கொண்டிருந்தோம். டோட்டல் வார் வரிசையிலும் இப்படி ஒன்று உண்டு என்றாள். 2016இல் வந்த வார்ஹாம்மரில் அதற்குக் கூட்டமைப்பு என்று பெயர். ஒரே இனத்து அணி ஒப்புக்கொண்டால் அதே திருப்பத்தில் நகரங்கள், படைகள், தளபதிகள் எல்லாம் நம் கைக்கு வந்துவிடும். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டில் கரைவது ஒரே சொடுக்கில் முடியக்கூடாது என்று தோன்றுகிறது.

வரலாற்றில் அது அப்படி முடியவும் இல்லை. 1456இல் ரியாஸானின் அரசர் இறந்தபோது அவருடைய மகன் வசீலி சிறுவன். மாஸ்கோ அவனைத் தன் அரண்மனைக்கு அழைத்துப்போய் வளர்த்தது, ரியாஸானுக்குத் தன் அதிகாரிகளை அனுப்பியது. 1464இல் மாஸ்கோவின் அரசர் மூன்றாம் இவான் தன் தங்கை ஆன்னாவை அவனுக்கு மணமுடித்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார். தூதர், திருமணம், பரிவு, எல்லாம் அவள் நோட்டில் இருப்பதேதான். முழு இணைப்பு நடந்தது 1521இல். கடைசி அரசர் லித்துவேனியாவுக்குத் தப்பியோடினார். 1456இலிருந்து எண்ணினால் 65 ஆண்டு.

ப்ஸ்கோவின் கதை இன்னும் கனமானது. நோவ்கோரோடை மாஸ்கோ அடக்கியபோது ப்ஸ்கோவ் மாஸ்கோவின் பக்கம் நின்ற நகரம். 1478இல் நோவ்கோரோடின் மக்கள்சபை மணி இறக்கப்பட்டு மாஸ்கோவுக்குப் போனது. 32 ஆண்டு கழித்து, 1510 ஜனவரியில், மாஸ்கோவின் அரசர் மூன்றாம் வசீலியின் ஆணைப்படி ப்ஸ்கோவின் மணியும் இறங்கியது. முந்நூறு குடும்பங்கள் ஊரைவிட்டு அகற்றப்பட்டன. ஊரைக் கூட்டும் மணி அது. அது போனபின் கூடிப் பேச யாரும் அழைக்கமாட்டார்கள்.

இதை அவளிடம் சொன்னேன். சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "கூட நின்னவங்களுக்கே அப்படியா?" என்று கேட்டுவிட்டு, திரையில் ப்ஸ்கோவின் மேல் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தாள். அவள் ஆட்டத்தில் ப்ஸ்கோவ் மஸ்கோவியின் சிற்றரசாக, இன்னும் தனிப்பெயரோடு இருந்தது.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கோட்டின் கடைசித் துண்டு நிரம்பும்போது ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தாள், ஒவ்வொரு நாளும் தனியாக நகர்வது தெரியும்படி.

பிறகு அது நடந்தது. வரைபடத்தில் வளைந்த எழுத்துகளில் கிடந்த ரியாஸான் என்ற பெயர் இல்லை. எல்லைக் கோடு இல்லை. மஸ்கோவியின் நிறம் தெற்கே வழிந்து நிரம்ப, அதன் பெயர் புதிய இடத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் விரிந்து உட்கார்ந்தது. போர் இல்லை, முற்றுகை இல்லை. 17 ஆண்டுக்கும் மேலாக அவள் தினமும் பார்த்துப் பார்த்துப் பேணிய ஒரு நாடு வரைபடத்தில் இல்லாமல் போனது.

அவள் கொண்டாடவில்லை. நோட்டில் தேதியை எழுதினாள். பிறகு சிற்றரசுகளின் பட்டியலைத் திறந்து, ப்ஸ்கோவின் நல்லெண்ணம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள்.

"இதைச் சேர்க்கப் போறியா?"

"இப்ப வேண்டாம் மாமா. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

ரியாஸானிலிருந்து தூதர் ஊர் திரும்பிவிட்டதாகத் திரையின் மேல் ஓர் அறிவிப்பு வந்தது. அவரை ட்வேருக்கு அனுப்பினாள்.