கம்பளத்தின் அடியில்

உத்திரமேரூரில் மரவேலை செய்து வாழும் எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் நேரான உறவு ஏதும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த நீர், கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற எங்கள் ஊர் ஏரியின் நீர்தான். கதவு, நிலை, கட்டில், திருவிழாவுக்குச் சப்பரம் என்று அண்ணன் தம்பி இருவருமாகச் செய்து வருகிறோம். அப்படியிருக்க, படகு ஏற்றும் வண்டி ஒன்றைப் பற்றி இங்கே எழுத வேண்டியதாயிற்று. எழுதிவிடுங்கள் என்று எங்கள் தாயார் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோவளத்தில் ஒரு வீட்டுக்கு நிலைக்கதவு பொருத்தச் சென்றிருந்தபோது, கார்மேல் அன்னை ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில் மீனவர் ஒருவர் அறிமுகமானார். 1808இல் ஜான் டி மான்டி என்னும் வணிகர் கட்டிய ஆலயம் அது. நண்பரின் தந்தை கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கட்டுமரத்துக்கு வண்டி தேவையில்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தோளில் சுமந்து சென்று மணலில் உலர வைத்துவிடுவார்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், நிவாரணமாக வந்தவற்றுள் பெரும்பகுதி ஃபைபர் படகுகளாக இருந்தமையால், கடற்கரையெங்கும் அவை பெருகிவிட்டன. அவற்றைப் பிரிக்கவும் இயலாது, நான்கு பேர் தூக்கவும் இயலாது. ஆகவே நண்பர் இரும்புச் சட்டத்தில் சக்கரம் வைத்த டிரெய்லர் ஒன்று செய்து வைத்திருந்தார். புயல் எச்சரிக்கை வந்தால், டிராக்டரில் பூட்டிப் படகை மேட்டுக்கு இழுத்துவிடுவார்.

அந்தச் சட்டத்தின் மேல், படகின் நீளவாக்கில், இரண்டு மரக்கட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். தாங்குகட்டைகள் என்று சொல்லிக்கொள்வோம். படகின் அடிப்பகுதி இரும்பைத் தொடாமல் இவற்றின் மேல்தான் அமர்கிறது. பாரம் ஓரிடத்தில் விழாமல் நெடுகப் பரவுகிறது. படகின் அடி உராய்ந்து தேயாதிருக்கக் கட்டைகளைக் கம்பளத் துணியால் போர்த்தி ஆணி அறைந்திருப்பார்கள்.

2022 செப்டம்பரில் நண்பர் அந்த வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கம்பளம் கிழிந்துவிட்டது, புதிதாக மாற்றித்தர வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. பழைய துணியை உரித்தபோது, இடப்புறக் கட்டையின் பின்முனை கறுத்திருந்தது. உளியை வைத்து அழுத்தினோம். ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டிலும் பீரோவும் முடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. புதுக் கட்டை போடுவதென்றால் மரம் தேட வேண்டும், போல்ட்டுகளை அறுக்க வேண்டும், இரண்டு நாள் போய்விடும். ‘இந்த ஒரு மழைக்காலம் தாங்கும்’ என்று எங்களில் ஒருவர் சொன்னோம். எவர் சொன்னோம் என்பதில் இன்றளவும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. நல்ல பச்சை நிறக் கம்பளத்தை இழுத்துப் போர்த்தி, வரிசையாக ஆணி அறைந்தோம். வண்டி புதிது போலவே இருந்தது. நண்பர் மனம் மகிழ்ந்து, பேசிய கூலிக்கு மேல் நூறு ரூபாய் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டோம்.

அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாள் மாலை, கடல் பொங்கத் தொடங்கிய வேளையில், நண்பர் தம் படகை ஏற்றி இழுத்திருக்கிறார். மேட்டில் ஏறும்போது இடப்புறக் கட்டை போல்ட் துளையோடு பிளந்தது. படகு சாய்ந்து இரும்புச் சட்டத்தின் முனையில் உட்கார்ந்தது. அடிப்பகுதி ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. புயல் ஓய்ந்து மற்றவர்கள் கடலுக்குப் போன பிறகும், பிசினும் கண்ணாடியிழையும் வைத்து ஒட்டி அது காயும் வரையில், அவர் ஏறத்தாழ ஐந்து வாரம் கரையிலேயே இருந்தார். கிறிஸ்மஸும் அந்த வாரங்களுக்குள் வந்து போயிற்று.

இவையெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது 2023 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கிய வாரத்தில். வேறு எவரிடமும் போகாமல், அந்த வண்டியை அவர் எங்களிடமே கொண்டுவந்து நிறுத்தினார். “மரம் இத்துப்போச்சு அண்ணே. ரெண்டு கட்டையும் புதுசா போட்டுடுங்க. நீங்க செஞ்சாத்தான் எனக்கு நம்பிக்கை” என்றார். வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பிவிட்டார்.

அன்று மாலை கம்பளத்தை உரித்தோம். மரம் நீரில் மூழ்கியே கிடந்தாலும் எளிதில் இற்றுவிடாது. முற்றக் காய்ந்திருந்தாலும் இற்றுவிடாது. நனைந்தும் காற்றுப்பட்டும் ஈரம் விலகாமல் இருப்பதே அதற்குக் கூற்றுவன். கம்பளம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாட்கணக்கில் விடுவதில்லை. வெட்டுமுனையின் வழியே மரம் அதை உறிஞ்சுகிறது. உப்புநீர் ஆணிகளைத் தின்ன, அந்தத் துளைகளின் வழியே மேலும் நீர் இறங்குகிறது. நாங்கள் மேலிருந்து அறைந்த ஒவ்வோர் ஆணியும் நோயுற்ற கட்டைக்குப் புதிதாக ஒரு வாயைத் திறந்துவிட்டிருந்தது. பழைய கம்பளமாவது கிழிந்திருந்தது, சற்றுக் காற்றோட்டம் இருந்தது. எங்கள் புதுக் கம்பளம் அதையும் அடைத்துவிட்டது.

இரவு உணவின்போது தாயாரிடம் சொன்னோம். அவர் அதிகம் பேசவில்லை. “அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் பின் ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சென்றோம். பாவமன்னிப்பு வேறு, பிறருக்கு விளைந்த கேட்டை ஈடு செய்வது வேறு; முன்னது கிடைத்துவிட்டதனால் பின்னது தள்ளுபடியாகாது என்று பங்குத்தந்தை நினைவூட்டினார். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459ஆம் எண்ணில் இது தெளிவாக உள்ளது. சிறுவயதில் படித்ததுதான். ஆனால் பிறர் பொருளைத் திருடியவனுக்குச் சொன்னது என்றே எண்ணியிருந்தோம்.

இன்னொன்றும் அந்நாட்களில் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றை உலகம் அறியும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும், மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்று அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளாக வரிசையில் நின்று கேட்டபோது, உறவினரையும் ஏன் சேர்த்தார்கள் என்று வியந்ததுண்டு. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து ஒரு காரியத்தை மறைத்த பின்பு அந்த வியப்பு எங்களுக்கு இல்லை.

அடுத்த வாரம் நண்பர் வந்தார். மரத்தைக் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டோம். “தம்பி, போன முறையே இந்த முனை இற்றிருந்தது. பார்த்தோம். பார்த்துவிட்டுத்தான் மூடினோம்.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தோம்.”

அவர் எழுந்து தேநீர்க் கடைப் பக்கம் போய்விட்டார். வரமாட்டார் என்றே எண்ணினோம். அரைமணி கழித்துத் திரும்பிவந்து, நின்றபடியே பேசினார். “அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்த வருசம் இருக்கட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு நானேதான் சொல்லியிருப்பேன் அண்ணே. கையிலே காசு இல்லே. ஆனா அதை நான் சொல்லியிருக்கணும்.”

இதற்கு நாங்கள் என்ன மறுமொழி கூற முடியும்? வேலையைத் தொடங்கினோம்.

பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு விட்டம் எங்களிடம் இருந்தது. பல்லாண்டு காய்ந்த மரம். அதில் வெளிறு முழுவதையும் செதுக்கித் தள்ளி, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்தோம். கோவளத்துக்குச் சென்று படகின் அடி வளைவை அட்டையில் வரைந்து வந்தோம். கட்டை ஒரு விரற்கடை சாய்வு தவறினாலும் பாரம் முழுவதும் ஒரு விளிம்பில் இறங்கிவிடும். துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்தெடுத்து, துருவேறா எஃகில் புதியவை வாங்கினோம். அவற்றின் தலைகள் படகைக் கீறாதிருக்க அரை அங்குலம் மரத்துக்குள் புதைத்தோம். துளையிட்ட பின் துளையின் உட்புறத்துக்கும், வெட்டுமுனைகளுக்கு மும்முறையும், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசினோம். கம்பளத்தை முன்போல் முழுதும் சுற்றவில்லை. இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாகப் போட்டு, அடிப்பக்கம் திறந்தே இருக்குமாறு, ஆணிகளைப் பக்கவாட்டில் அறைந்தோம். நீர் வடியும்; மரமும் கண்ணுக்குத் தெரியும். ரப்பர் போடலாமே என்று சிலர் கூறினர். அது படகில் கறுப்புக் கறை ஏற்றும் என்று நண்பர் வேண்டாமென்றார்.

கூலி வாங்கவில்லை. படகை ஒட்டுவதற்கு வாங்கிய பிசினுக்கும் கண்ணாடியிழைக்கும் ஆன செலவை நாங்கள் கொடுக்க, அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அந்த நூறு ரூபாயும் அதில் சேர்த்தி. கடலுக்குப் போகாத ஐந்து வாரத்துக்கு என்ன கணக்கு என்று கேட்டபோது, “அது உங்களாலே ஆகாது, விடுங்க” என்றார். மரத்துக்கு விலை சொல்லச் சொல்லி அவர் வற்புறுத்தியதும் நடந்தது, நாங்கள் சொல்லவில்லை.

2023 ஜூலை 16, கார்மேல் அன்னை திருவிழாவுக்குத் தாயாரையும் அழைத்துக்கொண்டு கோவளம் சென்றோம். திருப்பலிக்குப் பின் நண்பரின் வீட்டுப் பக்கம் போனபோது, வண்டி வெறுமையாக நின்றுகொண்டிருந்தது. அவர் எங்களைக் கண்டு, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, கம்பளப் பட்டைகளுக்கு நடுவே கட்டையை நான்கைந்து இடங்களில் குத்திப் பார்த்தார். இடப்புறப் பின்முனையில் இரண்டு முறை குத்தினார். எங்கள் கண்ணெதிரிலேயே செய்தார். கத்தி இறங்கவில்லை. அதன் பிறகு, சோறு ஆறிவிடும், உள்ளே வாருங்கள் என்று தாயாரின் கையைப் பற்றி அழைத்துச் சென்றார்.